எழுப்புதல் காலத்தில் சபைகள் செய்யும் தவறுகள்: வரம் வேறு, குணம் வேறு

கொரிந்து சபையாரை பவுல் முதல் நிருபத்தின் 1:7-ல் ‘யாதொரு வரத்திலும் குறைவில்லாதவர்கள்’ என்கிறார். 3:3-க்கு வந்ததும் அதே ஆட்களை ‘மாம்சத்திற்குரியவர்கள்’ என்கிறார். ஐந்தாம் அதிகாரத்தில் தகப்பனுடைய மனைவியை வைத்திருந்தவனையும், ஆறில் வழக்காடப் போன சகோதரரையும், பதினொன்றில் திருவிருந்தில் வெறித்திருந்தவர்களையும் கண்டிக்கிறார். ஆனாலும் அவர்களுக்கு ஆவியானவர் கொடுத்த வரங்களாகிய அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் போலி என்று எங்கும் சொல்லவில்லை. வரம் உண்மையாக இருக்கும்போதே குணம் கெட்டிருக்கலாம். எழுப்புதல் கூட்டங்களில் சபைகள் முதலில் மறப்பது இதைத்தான்.

வரத்தையே நற்சான்றாக எடுத்துக்கொள்வது

தாவீதைக் கொல்லத் தேடிப் போன வழியிலேயே சவுல் தீர்க்கதரிசனம் சொன்னான் (1 சாமுவேல் 19:23, 24). பிசாசுகளைத் துரத்த அதிகாரம் பெற்ற பன்னிருவரில் யூதாசும் இருந்தான். வரம் கொடுக்கப்படுவது; ஒரே இரவில் வந்துவிடும். கனி விளைவது, அதற்குப் பருவங்கள் வேண்டும். கலாத்தியர் 5:22, 23-ல் ஆவியின் கனியாகச் சொல்லப்பட்ட ஒன்பதில் இச்சையடக்கம் கடைசியாக வருகிறது. மேடை கொடுக்குமுன் சபை முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது எங்கள் கருத்து.

‘நூதன சீஷனாயிருக்கக்கூடாது’, ‘ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே’ என்று தீமோத்தேயுவுக்குச் சொல்லப்பட்டது இதற்காகவே. புதிதாக வரம் வெளிப்பட்டவரை ஒரு வருஷமாவது மூப்பர் ஒருவரின் கண்காணிப்பில் வைத்திருங்கள். வீட்டில் எப்படிப் பேசுகிறார், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கிறாரா, ‘நீங்கள் சொன்னது தவறு’ என்றால் முகம் எப்படி மாறுகிறது, தமக்கு ஒரு பயனும் இல்லாத ஆட்களை எப்படி நடத்துகிறார் என்று கவனியுங்கள். வெளியூர் ஊழியரை அழைக்குமுன் அவர் முன்பு ஊழியம் செய்த இரண்டு சபைகளிடமாவது விசாரியுங்கள். அவர் மனஸ்தாபத்தோடு பிரிந்து வந்த சபை ஒன்று இருந்தால், அங்கேயும் கேளுங்கள்.

சொன்னது பலித்தால் அது தேவனுடையது என்று முடிவு கட்டுவது

பிலிப்பியில் குறிசொல்ல ஏவுகிற ஆவியைக் கொண்டிருந்த பெண், பவுலையும் சீலாவையும் உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர் என்றாள். சொன்னது அத்தனையும் உண்மை. ஆவிதான் வேறு. பவுல் அந்த விளம்பரத்தை ஏற்கவில்லை, ஆவியைத் துரத்தினார். உபாகமம் 13:1-3 இன்னும் கடுமையானது: அடையாளம் நடந்தேறினாலும், வேறே தேவர்கள் பக்கம் இழுத்தால் அவனுக்குச் செவிகொடுக்கக் கூடாது.

இதில் நடைமுறை ஓட்டைகளும் உண்டு. ஜெப விண்ணப்பச் சீட்டுகளை வாசிப்பவரே மேடையில் ‘வெளிப்பாடு’ சொல்ல விடாதீர்கள். அவர் நேர்மையானவராக இருந்தாலும், மதியம் வாசித்தது இரவில் ‘கர்த்தர் காட்டினார்’ என்று நாவில் வந்துவிடும். ‘இங்கே ஒரு குடும்பத்தில் நீண்டநாள் கண்ணீர் இருக்கிறது’ என்பது எந்தக் கூட்டத்திலும் பலிக்கும். அதைத் தீர்க்கதரிசனக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சோதிக்கப் பயப்படுவது

‘அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே’ என்று சங்கீதம் 105:15-ஐக் காட்டி வாயை அடைப்பார்கள். அந்தச் சங்கீதம் பேசுவது அந்நிய தேசங்களில் பரதேசிகளாய்த் திரிந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைப் பற்றி. ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி சொல்லப்பட்டது. சவுலின்மேல் கை போடாத தாவீது, குகைக்கு வெளியே நின்று அவனுடைய அநியாயத்தை எல்லாரும் கேட்கச் சொன்னான். அந்தியோகியாவில் பவுல் பேதுருவையே முகமுகமாய் எதிர்த்தார்.

சோதிப்பது அவிசுவாசம் அல்ல, கட்டளை. 1 கொரிந்தியர் 14-ன்படி அந்நியபாஷையில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒருவர்பின் ஒருவராக. அர்த்தம் சொல்ல ஆள் இல்லையென்றால் மவுனம். தீர்க்கதரிசனமும் இரண்டு மூன்று பேர். மற்றவர்கள் நிதானிக்க வேண்டும். ‘ஆவி பிடித்துக்கொண்டது, என்னால் நிறுத்த முடியவில்லை’ என்பதை ஏற்காதீர்கள். தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறது என்கிறது 32-ம் வசனம்.

செய்யவேண்டியது இது. சொன்னதைச் சொன்னபடியே நோட்டில் எழுதி, தேதியும் சொன்னவர் பெயரும் குறியுங்கள். கூட்டம் முடிந்தபின் மூன்று மூப்பர்கள் தனியே உட்கார்ந்து நிதானிக்கட்டும். சொன்னவர் அதில் இருக்கக் கூடாது. பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல் என்று 14:3 சொல்லும் வகையைச் சபையில் வெளிப்படையாகச் சொல்லலாம். கலியாணம், வேலை, நிலம், பணம், ஆபரேஷன் இவற்றைத் தீர்மானிக்கிற வார்த்தையையும், ஒருவரைப் பெயர் சொல்லிக் குற்றப்படுத்துகிற வார்த்தையையும் ஒலிபெருக்கியில் விடாமல் மூப்பரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். ‘மருந்தை நிறுத்து’ என்பது மேடையிலும் வேண்டாம், மூப்பர் அறையிலும் வேண்டாம்.

வெளிப்பாடு, அதன் அர்த்தம், அதன்படி செய்யவேண்டியது ஆகிய மூன்றும் ஒன்றல்ல. இதைப் பிரிக்காததால்தான் பாதிக் குழப்பம். அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையால் தன் கைகால்களைக் கட்டிக்காட்டி, எருசலேமில் இப்படி நடக்கும் என்றார். போகாதே என்று அவர் சொல்லவில்லை. அது கேட்டவர்கள் தாங்களாகச் சேர்த்தது. கண்ணீரோடு, அன்போடு சேர்த்தார்கள். பவுல் போனார். உங்களிடம் ஒருவர் ‘கர்த்தர் சொன்னார்’ என்று வந்தால், ‘நீங்கள் கண்டது அல்லது கேட்டது என்ன? அர்த்தம் யார் சொன்னது? நான் இதைச் செய்யவேண்டும் என்பது எங்கிருந்து வந்தது?’ என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஒருமுறை சூடுபட்ட சபை எல்லா வரங்களையும் பூட்டிவிடும். ‘ஆவியை அவித்துப்போடாதிருங்கள்’ என்பதும் ‘எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள்’ என்பதும் ஒரே பத்தியில் இருக்கின்றன.

தேதி குறிப்பது

1860-ல் திருநெல்வேலியில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் ஊழியத்தைச் சுற்றி எழுப்புதல் உண்டானது. அமெரிக்காவில் அசுசா தெருவில் 1906-ல் தொடங்கிய பெந்தெகொஸ்தே எழுப்புதலுக்கு வெகு முன்பே அங்கே அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் காணப்பட்டன. அந்த அனல் 1870-களில் திருவிதாங்கூருக்குப் பரவியது. அங்கே ஜஸ்டஸ் ஜோசப்பின் கூட்டத்தார் கிறிஸ்து 1881-ல் வருவார் என்று அறிவித்துத் தனிச்சபையாகப் பிரிந்தார்கள். அந்த வருஷமும் கடந்தது. மனந்திரும்புதலில் தொடங்கிய ஒன்று, ஒரே ஒரு தேதியால் திசைமாறியது. அந்த நாளை ஒருவனும் அறியான் என்று மத்தேயு 24:36 சொல்லும்போது இதில் நிதானிக்க ஒன்றுமில்லை. தேதி சொல்பவரை அப்போதே நிறுத்துங்கள்.

உடல் அசைவை அளவுகோலாக்குவது

விழுவதும் அழுவதும் நடுங்குவதும் ஆவியானவருக்குச் சாட்சியும் அல்ல, அவருக்கு விரோதமும் அல்ல என்று 1741-லேயே அமெரிக்கப் போதகர் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் வாதிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அடுத்த மாதமும் அந்த மனிதர் எப்படி நடக்கிறார் என்று பாருங்கள்.

உடலையும் மறக்காதீர்கள். 1904-ல் வேல்ஸ் எழுப்புதலின் முகமாக இருந்த இவான் ராபர்ட்ஸ் தூக்கமும் ஓய்வும் இல்லாமல் உழைத்து, 1906-க்குள் உடைந்துபோய் மேடையைவிட்டு ஒதுங்கினார். தொடர்ந்து இரவு ஜெபம், நீண்ட உபவாசம், இடைவிடாத கூட்டம் மூன்றும் சேரும்போது மனம் எதையும் பார்க்கும், எதையும் கேட்கும். நாட்கணக்காகத் தூங்காமல் குரல்கள் கேட்பதாகச் சொல்பவரை மேடைக்கு ஏற்றாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இன்சுலின் போடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது.

பணமும் தனியறையும்

காணிக்கையை உறவுமுறை இல்லாத இரண்டு பேர் அன்றே எண்ணிக் கையெழுத்திடட்டும். ஊழியர் தொட வேண்டாம். பவுலும் தர்மப்பணத்தை ஒருவரும் குற்றப்படுத்தாதபடி மற்றவர்களோடு சேர்ந்தே கொண்டுபோனார். தனியறையில் ஒருவர் மட்டும் ஒருவருக்கு ஜெபிக்க வேண்டாம், கதவு திறந்திருக்கட்டும்.

விழுந்தவரைச் சீக்கிரம் மேடையேற்றுவது

மன்னிப்பு உடனே கிடைக்கலாம், பொறுப்பு அப்படியல்ல. 18 வயதுக்கு உட்பட்டவர்மேல் பாலியல் குற்றம் நடந்திருந்தால் சபைக்குள் பேசித் தீர்க்க இடமே இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ம் வருஷத்து போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் உதவி கேட்கலாம்.

மற்றத் தவறுகளில், தவறு எவ்வளவு வெளிப்படையோ அறிக்கையும் அவ்வளவு வெளிப்படையாக இருக்க வேண்டும். ஜேம்ஸ் டேவன்போர்ட் என்ற அமெரிக்கப் பிரசங்கி, எந்தப் போதகர் இரட்சிக்கப்படவில்லை என்று தமக்குத் தெரியும் என்று பெயர் சொல்லிக் குற்றப்படுத்தினார். 1743 மார்ச்சில் நியூ லண்டனில் பக்தியுள்ளவர்களின் நூல்களைத் தெருவில் கொளுத்த வைத்தார். மற்றப் போதகர்கள் அவரிடம் பொறுமையாய்ப் பேசினார்கள். 1744-ல் அவர் தம் தவறுகளை ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு, தம்மை நடத்தியது தவறான ஆவி என்று எழுதி அச்சிட்டு வெளியிட்டார்.