தெற்கு லொனாக்கை வரைவோம்: பனியாற்று ஏரிக்கு முதல் நிலவுருவ வரைபடம்

2023 அக்டோபர் 3 இரவு, வடக்கு சிக்கிமில் சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் தெற்கு லொனாக் ஏரிக்குள் அதன் வடகரை சரிந்து விழுந்தது. உறைந்து கிடந்த மண்ணும் கல்லுமாக 1.47 கோடி கன மீட்டர். அதனால் எழுந்த அலையின் உயரம் சுமார் 20 மீட்டர். ஏரியை அடைத்திருந்த கரை உடைந்து 5 கோடி கன மீட்டர் தண்ணீர் தீஸ்தா பள்ளத்தாக்கில் இறங்கியது. சுங்தாங்கில் 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணையும் அதோடு போயிற்று. வழிநெடுக வெள்ளம் அரித்தெடுத்த வண்டலைப் பின்னர் கணக்கிட்டார்கள்: 27 கோடி கன மீட்டர். வடிந்த தண்ணீரைவிட ஐந்து மடங்குக்கும் மேல்.

அந்த ஏரி பெருகி வருவதைப் பல ஆண்டுகளாகவே செயற்கைக்கோள் படங்களில் கவனித்துவந்தார்கள். புதிதாக வரைபடம் போடும் யாரும் முதலில் செய்வதும் அதுதான்: ஏரியைச் சுற்றி நீலக் கோடு, பரப்பளவு, முடிந்தது வேலை. என் முதல் வரைபடமும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நீலக் கோடு அரை மணி நேர வேலை. ஏரிக்குள் எது, எங்கிருந்து வந்து விழக்கூடும் என்று வரைவதற்குத்தான் மீதி நாளெல்லாம். அதைத்தான் இங்கே பழகப்போகிறோம்.

தேவையானவை: ஒரு மடிக்கணினி, இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், ஐரோப்பியச் செயற்கைக்கோள் படங்கள் கிடைக்கும் கோப்பர்நிகஸ் பிரவுசர் தளத்தில் ஒரு இலவசக் கணக்கு, கூகுள் எர்த் ப்ரோ. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் வேண்டும்.

படி 1: படங்களை எடுத்துக்கொள்ளுங்கள்

கோப்பர்நிகஸ் பிரவுசரில் 27°54′ வடக்கு, 88°12′ கிழக்கு என்ற இடத்துக்குப் போங்கள். சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்களில் மேக அளவைக் குறைவாக வைத்துத் தேடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை மேகம் மூடியிருக்கும். குளிர்காலத்தில் ஏரி உறைந்து, பனி எல்லாவற்றையும் ஒரே வெள்ளையாக்கிவிடும். அக்டோபரும் நவம்பர் தொடக்கமும்தான் தோது. 2022 இல் ஒன்று, 2023 அக்டோபர் 4க்குப் பிறகு ஒன்று என இரண்டு படங்கள் இப்போதைக்குப் போதும்; படி 7க்கு 2017 படம் ஒன்றும் வேண்டும். பட்டை 3 (பச்சை ஒளி), 4 (சிவப்பு ஒளி), 8 (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு) மூன்றையும் தனித்தனியாக, 32 பிட் டிஃப் வடிவில் இறக்குங்கள்.

உயரத் தரவுக்கு 30 மீட்டர் கோப்பர்நிகஸ் கோப்பு போதும். ஆனால் அது 2011 முதல் 2015 வரை எடுத்த அளவு. எஸ்.ஆர்.டி.எம் என்ற இன்னொரு உயரக் கோப்பு இன்னும் பழசு, 2000 பிப்ரவரியில் எடுத்தது. பனியாற்றின் மூக்கு, அதாவது கீழ்முனை, அதற்குள் பின்வாங்கியிருக்கும். எனவே உயரக் கோப்பில் பனி மேடாகத் தெரியும் இடம் உங்கள் படத்தில் தண்ணீராக இருந்தால் குழம்பவேண்டாம்.

படி 2: கியூஜிஐஎஸ்ஸில் அடுக்குங்கள்

புராஜெக்டின் ஆய முறையை யூ.டி.எம் மண்டலம் 45 வடக்கு, அதாவது இ.பி.எஸ்.ஜி 32645 என்று மாற்றுங்கள். இது மீட்டரில் அளக்கும் முறை. பாகையிலேயே விட்டுவிட்டால் தூரத்தையும் பரப்பையும் நம்பமுடியாது. பட்டை 8, 4, 3 மூன்றையும் முறையே சிவப்பு, பச்சை, நீலமாக வைத்து ஒரு பொய்நிறப் படம் செய்யுங்கள். உயரத் தரவிலிருந்து ஹில்ஷேட் (மேடுபள்ளத்தை நிழலிட்டுக் காட்டும் படம்), ஸ்லோப் (சரிவுக் கோணப் படம்) இரண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஏரி

கியூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கால்குலேட்டரில் (பட்டை 3 − பட்டை 8) ÷ (பட்டை 3 + பட்டை 8) என்று போடுங்கள். பூஜ்யத்துக்கு மேல் வருவது பெரும்பாலும் தண்ணீர். மலை நிழலும் பனியும்கூட அதில் வந்து ஒட்டிக்கொள்ளும், அவற்றைக் கையால் வெட்டி எடுங்கள். ஏரியில் மிதக்கும் பனிக்கட்டிகள் ஓட்டைகளாகத் தெரிந்தால் அவற்றை நிரப்பிவிடுங்கள். சரிபார்க்க ஓர் எண்: 2023 செப்டம்பர் 28 அன்று சுமார் 167 ஹெக்டேர், அக்டோபர் 4 அன்று சுமார் 60 ஹெக்டேர் என்று இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் அளந்தது. 2022 படத்தில் உங்களுக்கு 300 வந்தால் நிழலையும் ஏரியில் சேர்த்திருக்கிறீர்கள் என்று பொருள்.

படி 4: மேடு எது, பள்ளம் எது

இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் ஒரு மொரைன் (பனியாறு கொண்டுவந்து குவித்த மண்ணும் கல்லுமான வரப்பு) முகட்டை முழுநீளத்துக்கு ஓடை என்று வரைந்து வைத்தவன் நான். காரணம் வெயில். சென்டினல்-2 காலை பத்தரை மணி வாக்கில் கடக்கிறது, அப்போது சூரியன் தென்கிழக்கில். படத்தில் வெளிச்சம் கீழ்ப்பக்கமிருந்து வருகிறது. நம் கண்ணோ வெளிச்சம் மேலேயிருந்து விழுவதாகவே எடுத்துக்கொள்ளும். விளைவு, மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும். திரையின் அடியில் இருக்கும் ரொட்டேஷன் பெட்டியில் 180 என்று போட்டுப் படத்தைத் தலைகீழாக்குங்கள். மலை சட்டென்று எழுந்து நிற்கும். சந்தேகம் வரும்போதெல்லாம் ஹில்ஷேடையும் பாருங்கள்.

படி 5: நிலவுருவங்கள்

கியூஜிஐஎஸ்ஸில் ஒரு ஜியோபேக்கேஜ் (வரைபடத் தரவு) கோப்பில் பாலிகன் லேயர், அதாவது மூடிய வடிவங்களை வரையும் அடுக்கு ஒன்றைத் தொடங்குங்கள். மேற்கிலிருந்து கிழக்காக வாருங்கள். மேற்கே பனியாறு, கிழக்கே வடிகால்.

பனியாற்றின் மூக்கைக் கண்டுபிடிப்பது எளிது என்றுதான் எல்லோரும் நினைப்போம். கல் மூடிய பனி ஏமாற்றும். மேலே ஒரே சாம்பல் நிறக் கல், அடியில் பனி. குண்டும் குழியுமான பரப்பு, ஆங்காங்கே பொட்டுப்போலச் சின்னக் குட்டைகள், வெளிறிய பனிச் சுவர்கள் இவை தெரிந்தால் அது பனியாறுதான், மொரைன் அல்ல. இதைப் பழக அதே வடக்கு சிக்கிமின் செமு பனியாற்றைக் கூகுள் எர்த்தில் கொஞ்ச நேரம் பாருங்கள். கல் போர்த்திய பனிக்கு நல்ல பாடம்.

பக்க மொரைன் என்பது ஏரியின் இரு பக்கமும் ஓடும் நீண்ட வரப்பு. முகடு கத்திபோல் கூர்மையாக இருக்கும். உள்சரிவு செங்குத்து, சீப்பு இழுத்ததுபோல் அரிப்புத் தடங்கள். ஒருகாலத்தில் அந்தச் சுவருக்குப் பனியாறு முட்டுக்கொடுத்திருந்தது. பனி மெலிந்ததும் முட்டு போயிற்று. உள்ளே உறைந்திருக்கும் மண்ணும் இளகத் தொடங்கினால் சுவர் நகரும். முகட்டை ஒரு கோடாகவும் உள்சரிவைத் தனிப் பாலிகனாகவும் வரையுங்கள். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

மற்றவற்றுக்குச் சரிவுக் கோணமே போதிய அடையாளம். பாறைச் சுவரடியில் 30 முதல் 38 பாகை வரை ஒரே சீராகச் சாய்ந்தால் கற்சரிவு. ஓடை வாயிலிருந்து விசிறியாக விரிந்து, அதைவிட வெகு மெதுவாகச் சாய்ந்தால் வண்டல் விசிறி. அந்த விசிறி தண்ணீருக்குள் நீண்டால் டெல்டா. ஏரிக்குக் கீழே ஆறு பல இழைகளாகப் பிரிந்து ஓடும் சமவெளி தனி வகை.

படி 6: வண்டல் எங்கிருந்து?

ஒவ்வொரு பாலிகனுக்கும் அட்டவணையில் மூன்று கட்டங்கள் சேருங்கள். முதலாவது, இது வண்டலைக் கொடுக்கிறதா, வாங்கி வைத்திருக்கிறதா? மொரைனின் உள்சரிவு கொடுக்கும், டெல்டா வைத்திருக்கும். நீர்மட்டம் இறங்கினால் டெல்டாவும் கொடுக்கத் தொடங்கும்.

இரண்டாவது, ஏரியைத் தொடுகிறதா? எவ்வளவு பெரிய கற்சரிவானாலும் மொரைன் முகட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் தேங்கினால் ஏரிக்கு எதுவும் வராது. சின்னஞ்சிறு ஓடை நேரே தண்ணீரில் இறங்கினால் வரும். பரப்பைப் பார்த்து மயங்காமல் வழியைப் பாருங்கள்.

மூன்றாவது, உங்களுக்கு எவ்வளவு உறுதி? உறுதி, இருக்கலாம், ஊகம் என்று மூன்றே சொற்கள் போதும். வடக்கு சிக்கிமுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், ஏரி வரை ஏறுவதோ லேசில் நடக்காது. ஆகவே நேரில் பார்க்காத நாம் இந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது.

தண்ணீரின் நிறத்தையும் குறித்து வையுங்கள். பனியாறு பாறையை அரைத்து மாவாக்குகிறது. அந்த மாவு மிகுந்தால் நீர் சாம்பல், கொஞ்சம் அடங்கினால் பச்சை நீலம். எந்த வாய்க்காலின் முன்னால் கலங்கல் தெரிகிறதோ அங்கே வண்டல் வந்துகொண்டிருக்கிறது.

படி 7: காலத்தில் பின்னோக்கி

சரிந்த வடகரை மொரைன் விழுவதற்கு முன் ஆண்டுக்கு 15 மீட்டர் வரை நகர்ந்திருக்கிறது. சென்டினல்-2இன் ஒரு பிக்சல் 10 மீட்டர். அடுத்தடுத்த ஆண்டுப் படங்களில் அது ஒன்றரைப் பிக்சல்தான், கண்ணுக்குத் தப்பிவிடும். 2017, 2022 என்று ஐந்தாண்டு இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். அரிப்புத் தடங்களும் விரிசல்களும் சேர்ந்து நகர்வது புலப்படும். நகரும் பாலிகனுக்குச் சிவப்பு கொடுங்கள்.

படி 8: ஏரியோடு நிற்காமல்

அந்த 27 கோடி கன மீட்டரில் பெரும்பங்கு கீழே பள்ளத்தாக்கின் கரைகளிலிருந்து வந்தது. எனவே ஆற்றோரமாகவும் இறங்குங்கள். பழைய வண்டல் மேடுகள், ஆறு வளைந்து அடிக்கும் கரைகள், பக்க ஓடைகளின் விசிறிகள் இவற்றை 2022 படத்தில் வரைந்து, 2023 படத்தில் எது காணாமற்போயிருக்கிறது என்று பாருங்கள். முதல் முயற்சியில் சுங்தாங் வரை போகவேண்டியதில்லை. பத்து கிலோமீட்டருக்கே விரல் வலிக்கும்.