கவுதாரியையும் காட்டுக்கோழியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

தரையில் மேயும் இரு பறவைகளை ஒப்பிட முனைவோர் பெரும்பாலும் படப் புத்தகத்தை விரித்து இறகின் நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். கவுதாரியையும் சாம்பல் காட்டுக்கோழியையும் பொறுத்தவரை அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டும் தானியமும் கறையானும் பொறுக்கித் தின்பவை, 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை இரண்டும் வேட்டைக்காரர்கள் தேடிப் போனவை. வேறுபாடு அவை வாழும் நிலத்தில் இருப்பதால், அங்கிருந்தே தொடங்குவது நல்லது.

கவுதாரிக்கு மானாவாரிக் காட்டையும் வேலிக்காத்தான் புதர் மண்டிய தரிசையும் தேர்ந்துகொள்ளுங்கள். காட்டுக்கோழிக்கு முதுமலை, டாப்சிலிப் போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில், பொதுமக்கள் செல்ல அனுமதியுள்ள சாலையோரம் போதும். பொழுது புலரும் முதல் ஒரு மணி நேரமே இரண்டுக்கும் உகந்தது.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கவுதாரியின் குரல் ‘கதீத்தர், கதீத்தர்’ என்று வேகமெடுத்துக்கொண்டே போகும். ஒன்று தொடங்கினால் அதன் இணை இடையில் புகுந்து சேர்ந்து கத்தும். இந்தியில் இதற்குள்ள ‘தீதர்’ என்ற பெயரில் அந்த ஒலியே கேட்கிறது. காட்டுச் சேவலின் கூவல், நம் வீட்டுச் சேவல் தொடங்கிய கூவலைப் பாதியில் விழுங்கிவிட்டாற்போல் வெட்டு வெட்டாக முடியும். காட்டோர ஊர்களில் நாட்டுக்கோழியும் கூவும் என்பதால், இந்த முடிவைக் கவனிக்காமல் குறிப்பெழுதக் கூடாது.

அடுத்து, அஞ்சும்போது பறவை என்ன செய்கிறது என்று பாருங்கள். கவுதாரி இயன்றவரை ஓடும். ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்குத் தலையை நிமிர்த்திக்கொண்டு ஓடி, தப்ப வழியில்லாதபோதுதான் சடசடவென்று எழும்பும். அப்போது விரியும் வாலின் செங்காவி நிறம், உட்கார்ந்திருக்கையில் தெரியாத நல்ல அடையாளம். காட்டுக்கோழியோ இரண்டு எட்டு வைத்தால் மூங்கில் புதருக்குள் மறைந்துவிடும். இரவில் அது மரத்திலோ மூங்கிலிலோ அடையும். கவுதாரிக்குத் தாழ்ந்த முட்செடியே போதும்.

இதன் பிறகு தொலைநோக்கியை எடுக்கலாம். கவுதாரி ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளமுள்ளது. உடலெங்கும் மெல்லிய குறுக்குக் கோடுகள், வெளிறிய தொண்டையைச் சுற்றி ஒரு கறுப்பு விளிம்பு. ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும். ஆணின் காலில் முள் உண்டு. ஒளிந்துகொள்ள அடர்ந்த காடு இல்லாத நிலத்தில் மண்ணின் நிறமே அதற்குக் கவசம். காட்டுச் சேவல் வாலோடு சேர்த்து 70 சென்டிமீட்டருக்கு மேல் வரும். அதன் கழுத்திறகுகளில் மெழுகு சொட்டி உறைந்தாற்போன்ற மஞ்சள் புள்ளிகளைப் பார்த்தால் மறக்க மாட்டீர்கள். மீன் தூண்டிலுக்குப் போலி ஈ கட்டுவோர் விரும்பிய இறகுகள் அவை. ஆனால் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் சேவல் அவற்றை உதிர்த்துவிடும். நான் முதல் ஆண்டில் அப்படிப்பட்ட ஒரு சேவலைக் ‘கோழி’ என்று எழுதிவைத்து, வாலின் கறுப்பு மினுக்கத்தைப் பிறகு நினைத்துப் பார்த்து அடித்துத் திருத்தினேன். உண்மையான கோழிக்கு மேலுடல் பழுப்பு. அடிப்பகுதியில் வெள்ளை இறகுகளுக்குக் கறுத்த விளிம்பிருப்பதால் செதில் செதிலாகத் தெரியும். கவுதாரியோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புள்ளது இந்தக் கோழியைத்தான், சேவலை அல்ல.

குறிப்பேட்டில் நிலம், குரல், ஓட்டம், உருவம் என்ற வரிசையிலேயே எழுதுங்கள். பெயரில் ஆர்வமுள்ளவர்கள் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம்: கவுதாரியின் அறிவியல் பெயரில் புதுச்சேரி இருக்கிறது, காட்டுக்கோழியின் பெயரில் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் இருக்கிறார்.

இரண்டும் தரையிலேயே முட்டையிடுவதால் பாதையை விட்டு இறங்காதீர்கள். கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுக் கவுதாரியை அழைப்பதும் வேண்டாம். கூண்டுக் கவுதாரியைக் கத்தவைத்து அருகில் கண்ணி வைத்தவர்கள் செய்ததும் இதேதான்.