ஒரு கணினிக்கு ஒரு ஃபயர்வால் போதும்: கூடுதலாக ஓடுவதைக் கண்டுபிடித்து நீக்குவது எப்படி?

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் அக்கா மகனின் மடிக்கணினியில் வைஃபை பிரின்டர் வேலை செய்யவில்லை. அதில் இரண்டு ஃபயர்வால்கள், அதாவது நெட்வொர்க் வழியாக வரும் போகும் இணைப்புகளைப் பார்த்து விடுவதா தடுப்பதா என்று முடிவுசெய்யும் காவல் மென்பொருள்கள், ஓடிக்கொண்டிருந்தன. கணினியோடு வந்த ஆன்டிவைரஸ் தொகுப்பில் இருந்தது ஒன்று, நண்பர் சொன்னார் என்று அவனே இறக்கிப் போட்டது இன்னொன்று. முதலாவது "அனுமதிக்கலாமா?" என்று கேட்டபோது அவன் சரி என்று அழுத்தியிருக்கிறான். இரண்டாவது எதுவும் கேட்கவில்லை. வீட்டு வைஃபையை அது அந்நிய நெட்வொர்க்காகக் கணக்கில் வைத்துக்கொண்டு, பிரின்டரோடு பேசும் வழியைச் சத்தமில்லாமல் அடைத்துவிட்டது. "ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் நல்லதுதானே மாமா?" என்றான். பலரும் கேட்கும் கேள்விதான்.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஆல்பேட்டை சோதனைச்சாவடி தெரியும். பைகளைப் பார்த்து அனுப்பிவிட்டால் பஸ் கிளம்பிவிடும். அதற்குப் பத்தடி தள்ளி, வேறு விதிகளோடு இன்னொரு சாவடி நின்றால் என்ன ஆகும்? முதல் சாவடி விட்ட பை இரண்டாவதில் மாட்டும். ஏன் மாட்டியது என்று முதல் சாவடியில் கேட்டால் அவர்களுக்குத் தெரியாது.

கணினிக்குள் நடப்பதும் இதுதான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒவ்வொரு ஃபயர்வாலும் நெட்வொர்க் பாதையில் தன் டிரைவரை (விண்டோஸின் உட்பகுதியில் ஓடும் சிறு நிரலை) செருகும்; இரண்டு மோதினால் நீலத்திரை வந்து கணினி நின்றுபோவதும் உண்டு. விஸ்டா முதல் 'விண்டோஸ் ஃபில்டரிங் பிளாட்ஃபார்ம்' என்ற பொது அமைப்பு வந்ததால் அந்த ஆபத்து பெரிதும் குறைந்தது. குழப்பம் மட்டும் குறையவில்லை. ஒன்று விட்டு மற்றொன்று தடுத்தால், பொதுவாகத் தடுப்பதே செல்லும். பாதுகாப்பாவது கூடுகிறதா என்றால் அதுவும் இல்லை. நாம் கேட்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்புகளை மறுப்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை வேலை. முதலாவது மறுத்துவிட்டபின் இரண்டாவது மறுப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

முதல் படி: எத்தனை ஓடுகின்றன?

ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறங்கள். இடது ஓரம் கீழே பல்சக்கரக் குறி இருக்கும். அதை அழுத்தி 'மேனேஜ் புரோவைடர்ஸ்' என்பதற்குள் போனால், ஃபயர்வால் என்ற தலைப்பின்கீழ் பதிவான பெயர்கள் தெரியும். ஒழுங்காக எழுதப்பட்ட வெளி ஃபயர்வால் இங்கே தன்னைப் பதிவு செய்துகொள்ளும். விண்டோஸ் தன்னோடு வரும் ஃபயர்வாலைத் தானாக ஒதுக்கி வைக்கும். அப்படி ஒன்று மட்டும் இயங்கினால் சிக்கல் இல்லை. இந்தப் பட்டியலை மட்டும் நம்பிவிட வேண்டாம். செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' என்று போய், பாதுகாப்பு மென்பொருள் என்று தோன்றும் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரில் 'இன்டர்நெட் செக்யூரிட்டி' அல்லது 'டோட்டல் செக்யூரிட்டி' இருந்தால் உள்ளே ஃபயர்வால் இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாம் படி: எதை வைத்துக்கொள்வது?

வீட்டுக் கணினிக்கு விண்டோஸ் ஃபயர்வாலே போதும் என்பது என் கருத்து. 2004-இல் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் என்ற பெரிய புதுப்பிப்பிலிருந்து அது விண்டோஸோடு இயக்கத்திலேயே வருகிறது. அதன் மீது சொல்லப்படும் குறை ஒன்று உண்டு: உள்ளே வருவதைத் தடுக்கும், வெளியே போவதை இயல்பாக விட்டுவிடும். எந்த மென்பொருள் எங்கே பேசுகிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் இதனால்தான் இரண்டாவதைத் தேடுகிறார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 'விண்டோஸ் ஃபயர்வால் கன்ட்ரோல்' போன்ற கருவிகள் தனி ஃபயர்வால் அல்ல. விண்டோஸில் இருப்பதன் விதிகளையே எளிதாக மாற்றித் தருபவை. அவற்றைத் தாராளமாகப் போடலாம். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் தொகுப்பில் காலம் மிச்சமிருந்தால் அதையே வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள்.

மூன்றாம் படி: நீக்குதல்

முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் நகல் எடுங்கள். ஒரு ரீஸ்டோர் பாயின்ட்டும் (ஏதாவது கெட்டால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் பதிவு) உருவாக்குங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலில் வேண்டாததன் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். கணினியை மறுபடி தொடங்குங்கள். சில தொகுப்புகள் அடித்துத் துரத்தினாலும் எச்சத்தை விட்டுப் போகும். அதற்கென்றே தயாரிப்பாளர்கள் தனி நீக்கும் கருவி தருகிறார்கள். அதை அவர்களுடைய சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெளி ஃபயர்வாலை வைத்துக்கொள்கிறவர்கள், விண்டோஸ் ஃபயர்வாலின் சர்வீஸையே (பின்னணியில் ஓடும் அதன் நிரலையே) நிறுத்திவிடலாம் என்று நினைப்பதுண்டு. செய்யாதீர்கள். ஸ்டார்ட் மெனு திறக்காமல் போகலாம், ஸ்டோர் செயலிகள் நிறுவ முடியாமல் போகலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. சர்வீஸ் ஓடட்டும், அதன் காவல் மட்டும் ஒதுங்கியிருந்தால் போதும்.

நான்காம் படி: சரிபார்த்தல்

விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஃபயர்வால் அண்ட் நெட்வொர்க் புரொடெக்ஷன்' பக்கத்தைத் திறங்கள். டொமைன் (அலுவலக நெட்வொர்க்), பிரைவேட் (வீடு போன்ற நம்பகமான இடம்), பப்ளிக் (பொது இடம்) என்று மூன்று வரிகள் இருக்கும். விண்டோஸ் ஃபயர்வாலை வைத்துக்கொண்டவர்களுக்கு மூன்றிலும் 'ஆன்' என்று இருக்க வேண்டும். பிறகு வைஃபையை இணைத்து, அதன் 'புராபர்ட்டீஸ்' பகுதியில் வீட்டு நெட்வொர்க்கை 'பிரைவேட்' ஆக்குங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காபி குடித்துக்கொண்டே கடை வைஃபையில் இணைகிறீர்கள் என்றால் அது 'பப்ளிக்' ஆகவே இருக்கட்டும்.

ரவுட்டரில் இருக்கும் ஃபயர்வாலையும் அணைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம், அது கணக்கில் சேராது. ரவுட்டர் தெருவிலிருந்து வருவதைத் தடுக்கிறது. அதே வைஃபையில் இணைந்திருக்கும் விருந்தாளியின் போனையோ டிவியையோ உங்கள் கணினியிடமிருந்து அது பொதுவாக விலக்கி வைப்பதில்லை. அந்த வேலை கணினியிலுள்ள ஃபயர்வாலுடையது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலுள்ள முகவரியில் நுழைந்து, அதன் ஃபயர்வால் இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பிரின்டர் முரண்டு பிடித்தால், அதே ஃபயர்வால் பக்கத்தின் கீழே 'ரீஸ்டோர் ஃபயர்வால்ஸ் டு டிஃபால்ட்' இருக்கிறது. முன்பு கொடுத்த அனுமதிகள் எல்லாம் அழிந்துவிடும் என்பதால் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் மென்பொருள்கள் ஒவ்வொன்றாக அனுமதி கேட்கும்போது, தெரிந்த பெயராக இருந்தால் 'பிரைவேட்' கட்டத்தில் மட்டும் டிக் போடுங்கள்.