கட்டிக்கு மாத்திரை வாங்கும் முன்

வெயில் ஏறும் மாதங்களில் தொடையிலோ அக்குளிலோ பிட்டத்திலோ சீழ்க்கட்டியோடு வருகிறவர்களில் பலருக்கு வேறு எந்த நோயும் இருக்காது. ஜிம்முக்குப் போகிற பையன், விடுதியில் தங்கிப் படிக்கிற பெண், கபடி ஆடுகிறவர். இப்படிச் சீழ் வைக்கிற பாக்டீரியா ஸ்டஃபைலோகாக்கஸ்; அதில் மருந்துக்கு அடங்காத வகையான எம்.ஆர்.எஸ்.ஏ., ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்குத்தான் வரும் என்ற எண்ணம் 1990களிலேயே பொய்த்துவிட்டது. 1997க்கும் 1999க்கும் இடையில் அமெரிக்காவின் மினசோட்டா, வடக்கு டகோட்டா மாநிலங்களில் நன்றாக இருந்த 4 குழந்தைகள் இந்தக் கிருமியால் இறந்தார்கள். ஆனாலும் முதல் முறை கட்டி வருகிறவர்கள் செய்கிற தவறுகள் அப்படியே இருக்கின்றன. கை கழுவுவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

உடம்புச் சூடு என்று விடுவது

வெயிலில் வியர்வையும் உராய்வும் கூடும், அவ்வளவுதான். சீழ் வைக்கச் செய்வது கிருமி. இளநீர் குடித்தால் தாகம் அடங்கும்.

பிதுக்குவது

வேண்டாம். மூக்கு, மேலுதட்டுப் பக்கம் என்றால் கையே வைக்காதீர்கள்.

சீழை உள்ளே விட்டு மாத்திரை விழுங்குவது

கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும். முதல் நாள் மருந்துக்கடையில் செஃபிக்சைம் 200, ஸ்டிரிப்பைக் கத்தரித்து நாலு மாத்திரை, கூடவே ஒரு வலி மாத்திரை. வலி மாத்திரையால் கொஞ்சம் தணிந்த மாதிரி இருக்கும். மூன்றாம் நாள் அசித்ரோமைசின் 500. ஆறாம் நாள் அமாக்சிசிலின்-கிளாவுலனேட். பட்டாணி அளவு இருந்தது எலுமிச்சம்பழ அளவாகி, பத்தாம் நாள் கால்களை அகட்டி வைத்து நடந்து வருவார்.

செஃபிக்சைம் சாதாரண ஸ்டஃபைலோகாக்கஸிடமே சரியாக எடுபடாது. எம்.ஆர்.எஸ்.ஏ.விடம் மெக்-ஏ என்ற மரபணு வேறு இருக்கிறது. பென்சிலின் பற்றிக்கொள்ள முடியாத ஒரு புரதத்தை வைத்து அது தன் சுவரைக் கட்டிக்கொள்ளும். அதனால் அமாக்சிசிலின்-கிளாவுலனேட், செஃபலெக்சின் எல்லாமே தோற்கும். இன்னொன்று, சீழ் தேங்கிய குழிக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. சரியான மருந்தையே விழுங்கினாலும் போதிய அளவு உள்ளே போய்ச் சேராது.

2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கட்டியைக் கீறிவிட்டு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்தவர்களிலேயே 73.6 சதவீதம் பேருக்குக் குணமானது. கீறியதோடு கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தபோது அது 80.5. பெரும்பங்கு வேலையைச் செய்தது கத்திதான்.

விரலால் மெல்லத் தொட்டால் நடுவில் மெத்தென்று தளும்புகிறதா? பழுத்துவிட்டது, டாக்டரிடம் போங்கள். லிக்னோகெயின் ஊசியில் மரக்கவைத்து, கீறி, உள்ளே அறை அறையாகத் தேங்கியிருப்பதை உடைத்து வெளியேற்றுவார்கள்.

அந்தச் சீழ் பஞ்சோடு குப்பைக்கூடைக்குப் போவதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்; ஏற்கெனவே விழுங்கிய மாத்திரைகளின் பெயரையும் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் ரிப்போர்ட் வரும். செஃபாக்சிட்டின் என்ற மருந்துக்கு நேரே ‘ரெசிஸ்டன்ட்’ (அடங்காது) என்றிருந்தால் அது எம்.ஆர்.எஸ்.ஏ. எரித்ரோமைசின் ரெசிஸ்டன்ட், கிளிண்டாமைசின் சென்சிட்டிவ் (அடங்கும்) என்று வந்தால், கிளிண்டாமைசினுக்கு எதிர்ப்பு மறைந்திருக்கிறதா என்று காட்டும் டி-டெஸ்ட் செய்தார்களா என்று விசாரியுங்கள். டி-டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் கிளிண்டாமைசினை நம்ப முடியாது. கோ-டிரைமாக்சசோலோ டாக்சிசைக்ளினோ பல நேரம் மிஞ்சியிருக்கும். எதை, எத்தனை நாள் என்பதை ரிப்போர்ட்டை வைத்து டாக்டர் முடிவு செய்யட்டும்.

ஸ்டீராய்டு கலந்த ட்யூப்

பீட்டாமெத்தசோனோ குளோபெட்டசாலோ இருந்தால் சிவப்பு மறையும், கிருமி மறையாது. அட்டைப்பெட்டியில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

திரும்பத் திரும்ப வந்தும் கட்டியை மட்டும் பார்ப்பது

முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள். பிறகு மூக்கு: இந்தக் கிருமி மூக்கின் முன்பகுதியில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். 2 சதவீத மியூபிரோசின் களிம்பை இரண்டு துவாரத்திலும் தினம் இரு வேளை, 5 நாள் தடவச் சொல்வார்கள். கூடவே குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் குளியல். வீட்டில் இன்னொருவருக்கும் கட்டி வந்திருந்தால் எல்லோரும் ஒரே வாரத்தில் செய்தால்தான் பலன். துண்டும் ரேசரும் ஆளுக்கு ஒன்று.

விடியட்டும் என்று காத்திருப்பது

குளிர்க்காய்ச்சல், மணிக்கு மணி பரவும் சிவப்பு, பார்க்கச் சின்னதாக இருந்தும் தாங்க முடியாத வலி, கண்ணை மூடும் முக வீக்கம். இதில் ஒன்று இருந்தாலும் அன்று இரவே கேஷுவாலிட்டி.