கையில் ஒரே ஒரு மந்திரம்: மேஜிக் யூசர் ஆடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தக்கலையில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் ஆடுவது 1981-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் விதிகளை வைத்து. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டிக் கதையாக ஆடுகிற ஆட்டம் அது. அதில் மேஜிக் யூசர், அதாவது மந்திரவாதிப் பாத்திரம், எடுக்கிற தம்பிகளுக்கு முதல் வாரத்திலேயே முகம் வாடிவிடும். நாலு முகப் பகடையில் விழுந்ததுதான் உயிர். கவசம் கிடையாது, ஆயுதம் என்றால் கத்தி மட்டும், நாளுக்கு ஒரே மந்திரம். கோப்ளின் என்கிற குட்டிப் பூதம் ஒரு அடி போட்டால், எவ்வளவு உயிர் போகும் என்று ஆறு முகப் பகடை உருளும். அதோடு ஆள் காலி. ஆனாலும் எங்கள் குழுவைப் பலமுறை கரைசேர்த்தது இந்த ஆள்தான்.

பெரும்பாலானவர்கள் தவறுவது மந்திரத்தைத் தேர்ந்தெடுக்கிற இடத்திலேயே. டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) தேர்வை உங்களிடம் விட்டால் கை தானாக மேஜிக் மிசைல் என்கிற மந்திர அம்புக்குத்தான் போகும். குறி தப்பாது என்பது உண்மை. ஆனால் அது தருகிற அடி ஆறு முகப் பகடையோடு ஒன்று, சராசரி நாலரை. ஃபைட்டரின், அதாவது போர்வீரரின், வாள் எட்டு முகப் பகடை, அதற்கும் சராசரி நாலரைதான். குறி தப்பினாலும் அவர் அடுத்த சுற்றிலும் வீசலாம். உங்களுக்கு அன்றைக்கு அவ்வளவுதான். வாளால் ஆகாத காரியத்தைச் செய்கிற மந்திரத்தை எடுங்கள். எதிரிகளைத் தூங்கவைக்கிற ஸ்லீப் அப்படி ஒன்று. லைட் மந்திரத்தையும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். எதிரியின் கண்ணில் போட்டு, அவனுடைய சேவிங் த்ரோ (மந்திரத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை) தோற்றால் குருடாகிவிடுவான்.

அடுத்தது அவசரம். உதயகிரிக் கோட்டையில் திருவிதாங்கூர்ப் படைத்தளபதி டிலனாயின் கல்லறை இருக்கிறதே, அதன் அடியில் சுரங்கம் போவதாக எங்கள் டிஎம் ஒரு கற்பனை வரைபடம் போட்டிருந்தார். முதல் அறையில் மூன்று ராட்சத எலிகள். தம்பி ஒருவன் உடனே “ஸ்லீப்” என்றான். “எடே மக்கா, எலிக்கா அத எடுக்க? ஃபைட்டர் ரெண்டு பேரு சும்மால்லா நிக்கானுவ!” என்று பக்கத்தில் இருந்த அண்ணன் சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த வாசலில் ஒன்பது கோப்ளின்கள்.

அந்த மந்திரம் கையில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். ஸ்லீப் இரண்டு எட்டு முகப் பகடை அளவுக்கு ஹிட் டைஸ் (எதிரியின் பலத்தைக் காட்டும் எண்) உள்ள எதிரிகளைச் சாய்க்கும், சராசரி ஒன்பது. கோப்ளினுக்குக் கணக்கு ஒன்று. சேவிங் த்ரோ கிடையாது. பகடை கொஞ்சம் குறைவாக விழுந்து பாதிப் பேர் சாய்ந்தாலும், மிச்சம் நிற்பவர்களுக்கு மொரால் (மன உறுதி) சோதனை வரும்; தோற்றால் ஓட்டம்தான். எலும்புக்கூட்டின்மீது மட்டும் போட்டுவிடாதீர்கள். செத்துப்போய் எழுந்து வந்தவை தூங்காது.

மந்திரம் போனதும் போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி உட்காருவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு. ஆட்டத்தின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது. பத்தடிக் கம்பால் தரையைத் தட்டிப் பாருங்கள், வரைபடம் போடுங்கள். எண்ணெய்க் குப்பியை எறிய மந்திரம் வேண்டாம், தீப்பந்தம் போதும்; பற்றிக்கொண்டால் எட்டு முகப் பகடை, வாளுக்குச் சமம். நம் ஆட்கள் நெருங்கிப் போவதற்கு முன்பே எறிந்துவிட வேண்டும். கையில் பொன் இருந்தால் கூலிக்கு ஆள் வையுங்கள். “அந்தத் தூணில் கயிறு கட்டினால்?” என்று கேட்கிறவர் யாராவது இருந்தால்தான் பார்ட்டி, அதாவது நம் குழு, பிழைக்கும். சண்டை வேலை இல்லாத உங்களுக்குத்தான் அதற்கு நேரம் இருக்கிறது.

சண்டையைத் தேடிப் போவதும் வீண். ஒரு கோப்ளினைக் கொன்றால் அனுபவப் புள்ளி ஐந்து. ஒரு பொற்காசை வெளியே கொண்டுவந்தால் ஒன்று. நூறு காசுள்ள பெட்டியைச் சத்தமில்லாமல் தூக்கி வந்தால், இருபது கோப்ளினைக் கொன்றதற்குச் சமம். இரண்டாம் லெவலுக்கு உங்களுக்கு 2,500 புள்ளி வேண்டும், ஃபைட்டருக்கு 2,000 போதும்.

நிற்கிற இடம்: முன்வரிசை கூடவே கூடாது, கடைசியும் கூடாது. பின்னாலிருந்தும் வருவார்கள். நடுவில் நில்லுங்கள்.

மந்திரம் தீர்ந்ததை வெட்கப்பட்டு மறைப்பவர்களும் உண்டு. தீர்ந்த உடனே பார்ட்டியிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இன்னும் உள்ளே போவதா, திரும்பி ஒரு ராத்திரி தூங்கிவிட்டு வருவதா என்று அவர்கள் அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.