சிவப்பு வயரை நம்பாதீர்கள்: லெகோ மோட்டரை ஆர்டுயினோவில் ஓட்டுவது

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ரோபோ செய்யப் பழக்குகிறேன். கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் தந்த பழைய லெகோ என்எக்ஸ்டி பெட்டி (ரோபோ செய்யும் லெகோத் தொகுதி) ஒன்று இருக்கிறது. அதன் மூளைப்பெட்டி பழுது. மூன்று மோட்டரும் வடிவாய் வேலை செய்கின்றன, எறிய மனம் வருமா? அவற்றை ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்சுற்றுப் போர்ட்டில் பூட்டி ஓட்டுகிறோம்.

லெகோ வயரின் முனை தொலைபேசி வயரின் முனை மாதிரித்தான் இருக்கும். ஆனால் கொளுக்கி ஒரு பக்கம் தள்ளியிருப்பதால் தொலைபேசி வயர் பொருந்தாது. ஆகவே ஒரு லெகோ வயரை நடுவில் வெட்டுங்கள், இரண்டு மோட்டருக்குக் காணும். உள்ளே ஆறு நிறம். வெள்ளையும் கறுப்பும் மோட்டரைச் சுழற்றுபவை. பச்சை, சுற்றை எண்ணும் என்கோடருக்கு மின் கொடுக்கும். மஞ்சளும் நீலமும் அந்த எண்ணிக்கையைக் கொண்டுவரும். மிச்சம் சிவப்பு.

"ரீச்சர், சிவப்பெண்டால் பிளஸ்தானே?" என்று ஒரு பிள்ளை 5 வோல்ற்றில் செருகப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். இந்த வயரில் சிவப்புத்தான் கிரவுண்ட், அதாவது மைனஸ் பக்கம். 5 வோல்ற் பச்சைக்குப் போகவேண்டும்.

மோட்டரை ஊனோவின் பின்னில் (வயர் செருகும் முனையில்) நேரே பூட்டவே கூடாது. ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஅம்பியருக்கு மேல் எடுப்பது நல்லதல்ல. இந்த மோட்டரோ சும்மா சுற்றவே 60 கிட்டக் கேட்கும், இறுகி நின்றால் 2 அம்பியர். நடுவில் எல்298என் டிரைவர் போடுங்கள், ஊனோ சொல்கிறபடி பற்றரி மின்னை மோட்டருக்குக் கொடுக்கும் சிறு போர்ட் அது. அது தானே 2 வோல்ற் அளவு விழுங்கிவிடும், ஆறு ரீசார்ஜ் பற்றரி போட்டால் மோட்டர் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். வகுப்புக்கு அது போதும். சதுரமான 9 வோல்ற் பற்றரியை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள், இந்த மின்னோட்டத்தை அது தாங்காது.

பற்றரி, டிரைவர், ஊனோ மூன்றின் கிரவுண்டையும் ஒன்றாக இணையுங்கள். எங்களிடம் "ஓடுதில்லை" என்று வருவதில் பாதி இந்த ஒரு வயரை விட்டதால்தான்.

மஞ்சளை 2ஆம் பின்னிலும் நீலத்தை 3ஆம் பின்னிலும் செருகுங்கள். டிரைவரை இயக்குமுன் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். மஞ்சளில் வரும் மின் துடிப்பின் ஏற்றம், இறக்கம் இரண்டையும் எண்ணினால் 360 வரவேண்டும். பாகைக்கு ஒன்று! அந்த எண் திரையில் ஏறும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

வேறு சென்சரையும் போர்ட்டையும் சேர்த்துப் பூட்டும்போது வோல்ற்றைப் பாருங்கள். எச்.சி-எஸ்ஆர்04 என்ற தூரம் அளக்கும் சென்சரின் எக்கோ பின் 5 வோல்ற் தரும், ஊனோ மாதிரி இன்னொரு சிறு போர்ட்டான மைக்ரோபிற் 3.3 வோல்ற் போர்ட். நேரே பூட்டி ஒரு போர்ட்டின் பின்னை நான் எரித்திருக்கிறேன். எக்கோவிலிருந்து 1 கிலோஓம் தடையி வழியாகப் பின்னுக்கு, அதே பின்னிலிருந்து 2 கிலோஓம் தடையி வழியாகக் கிரவுண்டுக்கு: 3.3 ஆகிவிடும். மல்ரிமீற்றரில் அளந்துவிட்டுப் பூட்டுங்கள்.