டென்ட்டுக்குள்ள ஃபேன் ஓடிட்டே இருக்கு, அப்புறமும் ஏன் செடி வேகுது?

மாடி வீடு, மே மாசம், கத்திரி வெயில் நடுவுல ஒரு நாள் ராத்திரி ஒம்பது மணி இருக்கும், குரோ டென்ட் (வீட்டுக்குள்ள லைட் வெச்சு செடி வளக்குற துணிக் கூடாரம்) ஜிப்ப இழுத்தேன், இட்லி குண்டான் மூடிய திறந்தா மூஞ்சில அடிக்குமே ஆவி, அப்படி அடிச்சுது. சூடும் ஈரப்பதமும் காட்டுற மீட்டர்ல 39 டிகிரி. உள்ள லெட்டூஸும் (சாலட் கீரை) பேசிலும் (துளசி வகை). பேசில் எப்படியோ நின்னுட்டு இருந்துச்சு, லெட்டூஸ் மட்டும் ஈரத்துணிய போட்ட மாதிரி தொட்டி ஓரத்துல படுத்துருச்சு. இத்தனைக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஃபுல் ஸ்பீடுல கத்திட்டு இருக்கு.

சத்தம் வீட்ல இருக்கவங்களுக்கு தொந்தரவா இருக்கேன்னு ரூம் கதவ நான்தான் சாத்தி வெச்சிருந்தேன். ஃபேன் உள்ள இருக்க சூட்ட இழுத்து அதே ரூம்ல விடுது, டென்ட் அதே காத்த திரும்ப இழுக்குது. நம்மாளுங்க நிறைய பேர் பண்ற முதல் தப்பு இதுதான், ஃபேன கூலர்னு நினைச்சுக்குறது. ஃபேன் குளிர வைக்காது, காத்த மாத்தும், அவ்ளோதான். ரூம் 36ல இருந்தா டென்ட் 36க்கு கீழ வரவே வராது, எவ்ளோ பெரிய ஃபேன் போட்டாலும். அதனால டென்ட்ட பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி, சூடு வீட்ட விட்டு எந்த வழியா வெளிய போகுதுன்னு பாருங்க.

அடுத்தது, "எல்இடி தானே, சூடே ஆகாது"ன்னு சொல்லி விப்பாங்க. 200 வாட்ஸ் லைட்னா கிட்டத்தட்ட 200 வாட்ஸும் கடைசில சூடாத்தான் மாறுது. வெளிச்சமா வர்றதையும் இலையும் டென்ட் சுவரும் வாங்கி சூடாக்கிடும், செடி சாப்பாடா சேத்து வெச்சுக்குறது ரொம்ப கொஞ்சம். பழைய சோடியம் லைட்டோட ஒப்பிட்டா அதே வெளிச்சத்துக்கு கம்மி வாட்ஸ் போதும்ங்கிறது தான் எல்இடியோட லாபம். லைட்டோட டிரைவர் பாக்ஸ (லைட்டுக்கு கரன்ட் குடுக்குற பெட்டி) கழட்ட முடியுற மாடல்னா அத டென்ட்டுக்கு வெளிய மாட்டிடுங்க, கொஞ்சம் சூடு காசு செலவில்லாம வெளிய போயிடும்.

ஃபேன் சைஸ் பாக்க ஒரு குத்துமதிப்பு கணக்கு இருக்கு. மொத்த வாட்ஸ 1.8ஆல பெருக்கி, ரூம விட டென்ட் எத்தன டிகிரி கூட இருந்தா பரவால்லன்னு நினைக்கிறீங்களோ அந்த எண்ணால வகுத்தா எத்தன சிஎஃப்எம் (ஒரு நிமிஷத்துல ஃபேன் தள்ளுற காத்து, கன அடில) வேணும்னு வரும். 200 வாட்ஸ், 3 டிகிரின்னா 120 சிஎஃப்எம். உடனே "என் ஃபேன் டப்பால 200 சிஎஃப்எம் போட்டிருக்கே"ன்னு சந்தோஷப்படாதீங்க, அது எதுவுமே மாட்டாம சும்மா ஓட விட்டு அளந்தது. நீங்க அதுல சுருட்டி வெச்ச ஃப்ளெக்ஸ் டக்ட்ட (வளையுற காத்துக் குழாய்) மாட்டி, ரெண்டு எடத்துல முழங்கை மாதிரி வளைச்சு, முனைல கொசுவலையும் கட்டினா காத்து எங்க போகும்? டக்ட்ட தேவையான நீளத்துக்கு வெட்டி, இழுத்து நேரா கட்டுங்க, நடுவுல தொய்ய விடாதீங்க. டக்ட் 4 இஞ்ச்ல இருந்து 6 இஞ்ச் போனா பாதை ரெண்டேகால் மடங்கு பெருசாகும், பெரிய ஃபேன மெதுவா ஓட்டலாம், சத்தமும் கம்மி. ஸ்பீட கம்மி பண்றேன்னு வீட்ல கெடக்குற சீலிங் ஃபேன் ரெகுலேட்டர மட்டும் மாட்டிடாதீங்க, எல்லா மோட்டாரும் அதுக்கு ஒத்துக்காது, ஒரு மாதிரி முனகும், அப்புறம் சூடாகும்.

காத்து வெளிய போகணும்னா உள்ள வரவும் வழி வேணும் இல்லையா. கீழ் ஓரத்துல வலை போட்ட ஜன்னல் மூடி இருக்கும், மறந்துடுவோம். டென்ட் சுவர் லேசா உள்ள ஒட்டி இருந்தா நல்லதுதான், ஆனா செடிமேல இடிக்கிற அளவுக்கு வயிறு ஒட்டிப்போயி நிக்குதுன்னா ஃபேன் மூச்சு திணறுதுன்னு அர்த்தம். எக்ஸாஸ்ட் ஓட்டைய போல ரெண்டு மூணு மடங்கு வழி கீழ திறந்து விடுங்க. எக்ஸாஸ்ட் மேல ஒரு மூலைன்னா, காத்து உள்ள வர்றது கீழ எதிர் மூலைல இருக்கட்டும், பக்கத்து பக்கத்துல இருந்தா வந்த காத்து செடிய பாக்காமலே கெளம்பிடும். அந்த கொசுவலைய மாசம் ஒரு தடவ கழட்டி பாருங்க, நம்ம ஊர் தூசிக்கு அது கம்பளி மாதிரி ஆயிடும்.

இப்ப ஏசி விஷயம், இதுல தான் கரன்ட் பில்லே போகுது. ஏசி இல்லாத ரூம்னா டக்ட்ட ஜன்னல் வழியா வெளிய விடுங்க, ஒரு பிளைவுட்ல ஓட்ட போட்டு ஜன்னல்ல பொருத்தினா போதும், எதிர் பக்கம் கதவோ ஜன்னலோ திறந்து இருக்கணும். ஏசி ரூம்னா அப்படியே தலைகீழ், வெளிய விடாதீங்க. 10க்கு 12 ரூம், 10 அடி உயரம்னா 1200 கன அடி காத்து, 120 சிஎஃப்எம் ஃபேன் பத்தே நிமிஷத்துல ஒரு ரூம் காத்த மொத்தமா வெளிய தள்ளிடும், அந்த எடத்துக்கு தெருவோட அனல் கதவிடுக்கு வழியா உள்ள வரும், ஏசி ராத்திரி பூரா அத குளிர வெச்சிட்டே கெடக்கும். ரூமுக்குள்ளயே விட்டா ஏசிக்கு கூடுற வேலை 200 வாட்ஸ் தான், ஒரு டன் ஏசி இழுக்குறது 3500 வாட்ஸ் சூடு, அதுக்கு இது ஒண்ணுமே இல்ல.

ஏசி இல்லாதவங்க ஐஸ் பாட்டில் வெப்பாங்க, நானும் வெச்சேன். ஒரு கிலோ ஐஸ் உருகுறதுக்கு எடுத்துக்குற சூடு 93 வாட் ஹவர். அதாவது 200 வாட்ஸ் லைட் அரை மணி நேரத்துல அத தின்னு முடிச்சிடும், அந்த ஐஸ ஃப்ரிட்ஜ் உறைய வெச்சப்ப பின்பக்கம் விட்ட சூடும் நம்ம வீட்லதான் சுத்துது. ஆனா அதே பாட்டில ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லாம தண்ணிலயே செடி வளக்குறது) தண்ணி தொட்டில போட்டா பிரயோஜனம் உண்டு, 20 லிட்டர் தொட்டி சுமாரா 4 டிகிரி இறங்கும். வேருக்கு அது பெரிய விஷயம், ஏன்னா 20 டிகிரி தண்ணில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும், 30 டிகிரில ஏழரை தான், அதோட வெதுவெதுப்பான தண்ணின்னா வேர் அழுகலுக்கு கொண்டாட்டம். வேர் வெள்ளையா இல்லாம டீத்தூள் கலர்ல வழுவழுன்னு இருந்தா லைட்ட குறை சொல்லாதீங்க, தண்ணில கைய விட்டு பாருங்க.

ஏர் கூலர்? கோயம்புத்தூர், மதுரை மாதிரி காஞ்ச சூடு அடிக்கிற ஊர்ல ஜன்னல திறந்து வெச்சு ஓட்டினா ஓரளவுக்கு வேலை செய்யும். சென்னைல கடக்காத்து ஏற்கனவே ஈரம், அதுல பூட்டின ரூம்ல கூலர் ஓட்டினா பூஞ்சைக்கு நீங்களே பந்தி போட்ட மாதிரி.

காசு செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு, லைட்ட ராத்திரிக்கு மாத்துறது. செடிக்கு எது பகல் எது ராத்திரின்னு லைட் தான் சொல்லும். ஆனா மொட்டைமாடிக்கு கீழ் வீடுன்னா சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிக்காதீங்க, பகல் பூரா குடிச்ச வெயில தளம் அப்பதான் கீழ கக்கும், ராத்திரி எட்டு மணிக்கு கட்டில்ல படுத்தா தெரியுமே அந்த வெக்கை. நான் ராத்திரி பத்து மணிக்கு ஆன் பண்ணி மறுநாள் மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஆஃப் பண்றேன். வெயில் காலத்துல லைட்ட 60 சதவீதத்துக்கு கொறைச்சிடுறேன், செடி கொஞ்சம் மெதுவா வளரும், வளரட்டுமே.

லைட் ஆஃப் ஆனதும் ஃபேனும் ஆஃப் ஆகுற மாதிரி ரெண்டையும் ஒரே டைமர்ல மாட்டுறது இன்னொரு தப்பு. நீங்க ஊத்துற தண்ணில பெரும்பகுதி இலை வழியா ஆவியாத்தான் வெளிய வருது, லைட் நின்னதும் சூடு இறங்கி அந்த ஈரம் அப்படியே இலைல உக்காரும், நாலு நாள்ல வெள்ளையா மாவு தூவுன மாதிரி பூஞ்சை வந்துடும். எக்ஸாஸ்ட் 24 மணி நேரமும் ஓடட்டும், லைட் இல்லாதப்ப ஸ்பீட கொறைச்சா போதும்.

உள்ள ஒரு சின்ன கிளிப் ஃபேனும் வேணும். லெட்டூஸ் நடு குருத்து ஓரம் மட்டும் பத்தவெச்சு அணைச்ச பேப்பர் மாதிரி பழுப்பா கருகும், பாத்திருப்பீங்க, உடனே கால்சியம் பாட்டில் வாங்க ஓடுவோம். தண்ணில கால்சியம் இருக்கும், குருத்துக்கிட்ட காத்து அசையாம நிக்குறதால அங்க ஆவியாகல, ஆவியாகலன்னா கால்சியம் அது வரைக்கும் ஏறி வராது. இலை லேசா ஆடுற அளவுக்கு காத்து போதும், ஒரே செடிய பாத்து அடிச்சுட்டே இருந்தா அது காஞ்சு சுருண்டுடும்.

மீட்டர லைட்டுக்கு நேர் கீழ தொங்க விட்டா அது காத்தோட சூட்ட காட்டாது, தன்னோட சூட்ட காட்டும். செடி உச்சி உயரத்துல, ஒரு அட்டைய மறைப்பா வெச்சு நிழல்ல மாட்டுங்க. ஈரப்பதம் சரியா காட்டுதான்னு பாக்க, பாட்டில் மூடில உப்ப போட்டு சேறு மாதிரி நனைச்சு, மீட்டரோட சேத்து ஜிப் கவர்ல ஒரு ராத்திரி பூட்டி வைங்க, 75 காட்டணும். என்னோடது 66 காட்டுச்சு, அத நம்பி எத்தன மாசம் ஓட்டினேன்னு கேக்காதீங்க.

இவ்ளோ பண்ணியும் ஏசி இல்லாத ரூம்ல மே மாசம் லெட்டூஸ் போட்டா 27 டிகிரி தாண்டினதும் குச்சி மாதிரி நீண்டு பூ விட்டு கசக்கும், அந்த ரெண்டு மாசம் பேசிலோ முளைக்கீரையோ போடுங்க. மிளகாயும் 35 பக்கம் போனா பூவ கொட்டிடும்.

கரன்ட் கட் ஆகுற ஏரியான்னா டைமர கவனிங்க, முள்ளு திருகுற டைப் டைமர் கரன்ட் போனா அப்படியே நின்னுடும், வந்ததும் விட்ட எடத்துல இருந்து ஓடும். எங்க தெருவுல ஒரு வாரம் கேபிள் வேலை நடந்துச்சு, ஒரு நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு ரூமுக்குள்ள போனா ஜிப் இடுக்கு வழியா வெளிச்சம் வருது, ராத்திரி லைட்னு நான் நினைச்சுட்டு இருந்தது பாதி பகலுக்கு நகந்து வந்திருக்கு, உள்ள 38. அன்னைக்கு சாயங்காலமே பேட்டரி வெச்ச டிஜிட்டல் டைமர் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்.